எம்ஜிபி வாங்கி ஆறு வருஷம்: ஒரு புதுப்பிப்பு

1970 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், வாங்கிய புதிதில், பெட்ரோல் வாடை தாங்கவில்லை, வண்டியைத் தள்ளிவிடலாமா என்று புலம்பியிருந்தேன். தள்ளிவிடவில்லை.

வாடை சின்ன விஷயம்தான். இரண்டு எஸ்யூ ரகக் கார்புரேட்டர்களில் ஒன்றில், பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசி தேய்ந்து பெட்ரோல் வழிந்திருக்கிறது. ஊசியை மாற்றியதும் நின்றது. 2021-இல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் ஈ10 (பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆனதும், ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டேன்.

பணத்தைத் தின்றது ‘சில்’ (sill) என்கிற பாகம்தான். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அந்த இரும்புப் பெட்டிதான் கூரையில்லாத வண்டிக்கு முதுகெலும்பு. ஒருநாள் ஜாக்கில் தூக்கியபோது ஓட்டுநர் பக்கக் கதவு மூடவே மாட்டேன் என்றது. வெட்டிப் பார்த்தால், துருவின் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள், எந்தப் புண்ணியவானோ. உள்தகடு விரல் பட்டதும் அப்பளமாக நொறுங்கியது. இரண்டு பக்கமும் மாற்ற நான்கு மாதம். எவ்வளவு ஆச்சு என்று வீட்டில் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் தயாரித்த வண்டியாயிற்றே. 3,000 மைலுக்கு ஒருமுறை கிங்பின்னுக்கு (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) கிரீஸ், அவ்வப்போது கார்புரேட்டர் தலையிலுள்ள டேஷ்பாட் என்ற சின்னக் குழலில் எண்ணெய், அவ்வளவுதான். நாற்பது வயது தாண்டியதால் சாலை வரி கிடையாது. எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனால் சில்லைப் பார்த்த பிறகு வருஷா வருஷம் காட்டிவிடுகிறேன்.

அப்புறம், வேகமாகப் போகும்போது என்ஜின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கியர் சில நாள் பிடிக்கிறது, சில நாள் பிடிப்பதில்லை. வயரிங்கிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன்.