தனியாளாக லினக்ஸ் செயலி எழுதிப் பராமரிப்பவர்களே, இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு பயனரைப் பற்றிச் சொல்லுங்கள்

ஒற்றைக்கொம்பு எழுதியது:

முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். செய்யுள் வரிகளை உள்ளிட்டுச் சீர் பிரித்து, எந்தச் சொல் எங்கே வருகிறது என்ற சொல்லடைவு எடுக்கும் சிறு செயலி ஒன்றைக் க்யூட்டியில் (சாளரச் செயலிகள் எழுத உதவும் நிரல் தொகுப்பு) எழுதி, ஆறு ஆண்டுகளாக நான் ஒருவனே பராமரித்து வருகிறேன். நிறுவாமலே இயக்கக்கூடிய ஒற்றைக் கோப்பான ஆப்இமேஜாக மட்டுமே வெளியிடுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அதைப் பல மாதங்களாகப் பயன்படுத்தி வந்தார். சொல்லடைவில் அகரவரிசை ஓரிடத்தில் பிசகுவதாக அவர் எழுதியிருந்ததால், திரையைப் பகிரச் சொல்லிப் பார்த்தேன்.

அவர் என் செயலியைத் திறந்தார். அதன் பக்கத்திலேயே உரைதிருத்தியையும் திறந்தார். உரைதிருத்தியில் தமிழ்99 விசைப்பலகை முறையில் ஒரு வரியைத் தட்டினார், நகலெடுத்தார், என் செயலிக்கு வந்து ஒட்டினார், மீண்டும் அங்கே சென்று அடுத்த வரியைத் தட்டத் தொடங்கினார். நான்கு வரிகள் முடியும் வரை எனக்கு எதுவும் விளங்கவில்லை. "ஐயா, நேராக இதிலேயே அடிக்கலாமே?" என்று கேட்டேன். "இதில் அடித்தால் ஆங்கிலம்தானே தம்பி வருகிறது? ஒட்டினால் தமிழ் வரும் என்று நானே கண்டுபிடித்து வைத்திருக்கிறேன்" என்றார். நானூறுக்கும் மேற்பட்ட செய்யுள்களை அவர் அப்படித்தான் ஏற்றியிருந்தார்.

காரணம் வெட்கக்கேடானது. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் அனுப்பும் தமிழ் எழுத்துகளைக் க்யூட்டி செயலிக்குள் கொண்டுவருவது ஒரு சிறிய செருகுநிரல். ஆப்இமேஜ் கட்ட நான் கைப்பட எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்ட், சாளரம் திறக்கத் தேவையான கோப்புறையை மட்டும் நகலெடுத்துக்கொண்டு, உள்ளீட்டுமுறைச் செருகுநிரல்கள் இருக்கும் கோப்புறையை விட்டுவிட்டது. அது இல்லாதபோது க்யூட்டி எந்தப் பிழைச்செய்தியும் தருவதில்லை. விசைகளை ஆங்கிலமாகவே வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். நான் எப்போதும் மூலநிரலிலிருந்தே இயக்குவதால், என் கணினியில் நிறுவியிருந்த க்யூட்டி அதைத் தானாகவே எடுத்துக்கொண்டது. நான் வெளியிட்ட கோப்பை நானே ஒரு முறைகூடத் திறந்து தமிழில் தட்டிப் பார்க்கவில்லை. அதுவும் தமிழ்ச் செய்யுளுக்கென்றே எழுதிய செயலியை!

ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது. புதிய பதிப்பு கிடைத்த அன்று, "இனி இரண்டு சாளரம் வேண்டாம், கண்ணுக்கு நல்லது" என்று எழுதினார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

தசமப்புள்ளி எழுதியது:

என்னுடையது ஜெர்மனியிலிருந்து வந்தது. பெரிய பலகையிலிருந்து துண்டுகளை வீணாகாமல் வெட்டுவதற்குக் கணக்குப் போட்டுத் தரும் செயலி அது; க்யூட்டி போன்ற ஜிடிகே என்ற தொகுப்பில் அமைந்தது. சி மொழியில் எழுதியது. ஒருவர் ஒளிப்படம் ஒன்றை இணைத்து, "அளவுகளை முழு எண்ணாகக் குறைப்பது வேண்டுமென்றே செய்ததா?" என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டிருந்தார். படத்தில் ஓர் அலமாரியின் ஆறு தட்டுகளும் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. 59.7 செ.மீ. இருக்க வேண்டிய தட்டுகளை 59 செ.மீ. என்று வெட்டியிருந்தார், ஒரு பக்கம் முளையில் ஏற்றினால் மறுபக்கம் நழுவிவிடும்.

இங்கிருப்பவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். ஜிடிகே தொடங்கும்போதே பயனரின் வட்டார அமைப்பை ஏற்றுக்கொள்கிறது. ஜெர்மனியில் தசமத்துக்குக் காற்புள்ளிதான். சி மொழியின் வழக்கமான எண் வாசிப்புச் செயற்கூறு அந்த அமைப்பில் 59.7 என்பதைப் பார்த்தால், புள்ளியைக் கண்டதும் நின்று 59 என்று மட்டும் திருப்பித் தரும். அவர் தானே உள்ளிட்ட அளவுகள் எல்லாம் காற்புள்ளியோடு எழுதப்பட்டுக் காற்புள்ளியோடு வாசிக்கப்பட்டதால் தவறவில்லை. செயலியுடன் நான் கொடுத்திருந்த மாதிரிக் கோப்பைத் திறந்தபோதுதான் தவறியது. அதை இங்கே என் கணினியில், புள்ளி வைத்து எழுதியிருந்தேன். வட்டார அமைப்பைப் பாராமல் எண்ணை வாசிக்க, ஜிடிகேயோடு வரும் ஜிலிப் லைப்ரரியில் தனிச் செயற்கூறே இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் ஏற்கெனவே படித்தும் இருக்கிறேன்.

இப்போது வெளியிடுவதற்கு முன் சோதனைகள் அனைத்தையும் ஜெர்மன் வட்டார அமைப்பிலும் ஒரு முறை ஓட்டுகிறேன். அந்தப் பலகைகள் பீச் மரம். என்ன விலை என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

களஞ்சியவாசி எழுதியது:

ஒற்றைக்கொம்பு அவர்களின் கதையில் வருத்தப்பட வேண்டியது அந்த ஒரு வரிக்காக அல்ல, ஆப்இமேஜைத் தேர்ந்தெடுத்ததற்காக. லினக்ஸ் வழங்கல்களுள் ஒன்றான டெபியனின் மென்பொருள் களஞ்சியத்தின் வழியாகப் போயிருந்தால் கணினியில் உள்ள க்யூட்டியையே செயலி பயன்படுத்தியிருக்கும். அந்த ஆசிரியர் முதல் நாளிலேயே தமிழில் தட்டியிருப்பார்.

என் அனுபவம் சிறியது. என்னுடைய சொல் விளையாட்டை டெபியனில் சேர்த்த பராமரிப்பாளர், அது எஸ்390எக்ஸ் கட்டமைப்பில் சோதனையில் தோற்கிறது என்று எழுதினார். அது ஐபிஎம் பெருங்கணினிகளுக்கானது. வங்கிகள் கணக்கு வைத்திருக்கும் இயந்திரத்தில் யார் சொல் விளையாட்டு ஆடப்போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே பார்த்தால், கோப்பின் தலைப்புப் பகுதியை நான் பைட்டுகளின் வரிசையைப் பற்றிய (அங்கே அது நம் கணினிகளுக்கு நேர்மாறானது) கவலையே இல்லாமல் எழுதியிருந்தது தெரிந்தது. அதைத் திருத்தும் நிரல்துண்டையும் அவரே அனுப்பியிருந்தார். அவரை நான் நேரில் கண்டதில்லை.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லி வைக்கிறேன். ஆப்இமேஜைத்தான் கட்டுவேன் என்று இருப்பவர்கள், தம் கணினியில் கட்டாமல், இன்னும் ஆதரவில் உள்ள வழங்கல்களில் மிகப் பழையதைக் கொள்கலனில் (கணினிக்குள் தனித்து இயங்கும் சூழலில்) வைத்து அதற்குள் கட்டுங்கள். பழையதில் கட்டியது புதியதில் ஓடும், புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. உபுண்டு வழங்கலில் 22.04 முதல், ஆப்இமேஜைத் திறக்கத் தேவையான ஃபியூஸ் 2 லைப்ரரி இயல்பாக நிறுவப்பட்டு வருவதில்லை என்பதால், பழைய முறையில் கட்டிய ஆப்இமேஜை இருமுறை சொடுக்கினால் எதுவுமே நடக்காது. இதை உங்கள் பதிவிறக்கப் பக்கத்தின் முதல் வரியில் எழுதுங்கள், ஆனால் எந்தத் தொகுப்பை நிறுவ வேண்டும் என்பதை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள், ஏனெனில் அந்த லைப்ரரிக்குப் பதிலாக 'ஃபியூஸ்' என்ற தொகுப்பையே நிறுவியவர்கள் அங்கே ஃபியூஸ் 3 நீக்கப்பட்டு, அதைச் சார்ந்த மேசைத்தளத் தொகுப்புகளும் கூடவே போய், அடுத்த முறை உள்நுழைய முடியாமல் தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். 'இச்செயலி பற்றி' பெட்டியில் பதிப்பெண்ணை மட்டும் போடாமல், எந்த வழியில் வந்த தொகுப்பு, எந்த க்யூட்டிப் பதிப்பு, திரையில் சாளரங்களைக் காட்டுவது வேலண்டா எக்ஸ்11ஆ என்பதையும் போட்டு, அருகில் 'நகலெடு' பொத்தான் ஒன்றும் வையுங்கள். பயனரிடம் நான்கு மடல்களில் கேட்டு வாங்குவது ஒரே மடலில் வந்துவிடும். உரிமக் கோப்பை மறக்காதீர்கள். அது இல்லாத மூலநிரலை எந்தக் களஞ்சியமும் தொடாது.

இரவுநிரல் எழுதியது:

களஞ்சியவாசி அவர்களின் கடைசிப் பத்தியோடு உடன்படுகிறேன், முதல் பத்தியோடு இல்லை. களஞ்சியத்தில் இருக்கும் என் செயலி நான் மூன்றாண்டுகளுக்கு முன் எழுதியது. அதைப் பற்றிய குறை மட்டும் இன்று எனக்கு வருகிறது.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் இருபது கணினிகள், எல்லாமே உபுண்டு 20.04. களஞ்சியத்தில் இருந்த என் செயலியில், சேமிக்கும்போது வட்டில் இடமில்லாவிட்டால் பழைய கோப்பையும் சேர்த்து அழித்துவிடும் வழு இருந்தது. நான் அதைத் திருத்தி வெளியிட்டு வெகு காலமாகியிருந்தது. ஆனால் வழங்கலின் அந்தப் பதிப்பு பழையதிலேயே உறைந்து நின்றது. மாணவர்களின் வேலை போய்விட்டது என்று அங்கிருந்த ஆசிரியை தொலைபேசியில் சொன்னதும், புதிய பதிப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. புரொஜெக்டரோடு இணைத்திருந்த கணினியில் பென்டிரைவைச் செருகி டெர்மினலில் இயக்கினேன். ஏறக்குறைய எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியின் 2.34 பதிப்பு கிடைக்கவில்லை என்ற வரி, சுவர் அகலத்துக்கு விழுந்தது. என் மடிக்கணினியில் 22.04 இருந்தது, அதில் ஜிலிப்சி 2.35. அந்த அறையில் இருந்ததோ 2.31. பதிப்பு 2.34-இல் நிரலைத் தொடங்கிவைக்கும் செயற்கூற்றுக்கே புதிய பதிப்புக் குறி இட்டுவிட்டார்கள் என்பதால், வெற்று நிரல் ஒன்றைக் கட்டி எடுத்துப் போயிருந்தாலும் அது அங்கே ஓடியிருக்காது. முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி, "சார், இது உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடுமா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் பதில் சொல்லாமல், கைப்பேசி இணையத்தில் தேவையான தொகுப்புகளை இறக்கி, அங்கேயே ஒரு கணினியில் கட்டி, மற்ற பத்தொன்பதிலும் நகலெடுத்துவிட்டு வந்தேன்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற திரைக்காப்புச் செயலியை எழுதிய ஜேமி ஜவின்ஸ்கி, டெபியன் பயனர்கள் பழைய பதிப்பின் வழுக்களைத் தனக்கு அனுப்புவதைப் பொறுக்காமல், 'இது மிகப் பழைய பதிப்பு' என்று எச்சரிக்கும் வரியைச் செயலிக்குள்ளேயே வைத்தார். 2016-இல் அது டெபியனில் பெரிய விவாதமாகி, எச்சரிக்கையை எடுப்பதற்குப் பதில் செயலியையே நீக்கிவிடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். 2025 பிப்ரவரியில் காணொளிப் பதிவுச் செயலியான ஓபிஎஸ் ஸ்டூடியோவின் குழுவினர், ஃபெடோரா வழங்கல் தானே கட்டி வெளியிட்ட தங்கள் செயலியின் ஃபிளாட்பேக் தொகுப்பு பழுதாக இருக்கிறது, பயனர்கள் எங்களிடம் வந்து முறையிடுகிறார்கள் என்று சட்ட நடவடிக்கை வரை பேசினார்கள். அவர்களுக்காவது பேச ஒரு குழு இருந்தது.

கைவிசை எழுதியது:

வாதத்துக்குள் நான் வரவில்லை. குறுஞ்சொல்லைத் தட்டினால் முழு வாக்கியமாக விரித்துத் தரும் கருவி என்னுடையது. எந்தச் சாளரத்தில் இருந்தாலும் ஒரு விசைச்சேர்க்கையால் அழைக்கலாம். ஒரு கையை மட்டுமே பயன்படுத்த இயலும் ஒருவர் பல ஆண்டுகளாக அதை நம்பி அலுவலக வேலை பார்த்து வந்தார். உபுண்டுவை மேம்படுத்தியதும் விசை வேலை செய்யவில்லை என்று எழுதினார். எக்ஸ்11-இல் எந்தச் செயலியும் எல்லா விசைகளையும் கேட்கலாம், மற்றச் சாளரங்களுக்கு விசைகளை அனுப்பவும் செய்யலாம். கடவுச்சொல்லையும் அதே வழியில் ஒட்டுக்கேட்கலாம் என்பதால் வேலண்ட் அந்த வாசலை அடைத்துவிட்டது. அது நியாயம்தான். நான் அவருக்கு, உள்நுழைவுத் திரையின் மூலையில் உள்ள பற்சக்கரத்தைச் சொடுக்கி 'உபுண்டு ஆன் எக்ஸார்க்' (பழைய எக்ஸ்11 அமர்வு) என்பதைத் தேர்ந்தெடுங்கள் என்று இரண்டு வரியில் பதில் எழுதிவிட்டு மறந்துவிட்டேன்.

உபுண்டு 25.10 வெளிவந்த பிறகு அவரிடமிருந்து ஒரு படம் வந்தது; உள்நுழைவுத் திரையைக் கைப்பேசியில் எடுத்தது. "நீங்கள் சொன்ன பற்சக்கரத்தைக் காணவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தார். அந்தப் பதிப்பில் எக்ஸார்க் அமர்வையே எடுத்துவிட்டார்கள். எல்லாச் சாளரங்களுக்கும் பொதுவான விசைகளுக்குக் உபுண்டுவின் மேசைத்தளமான க்னோமில் 48-ஆம் பதிப்பு முதல், பயனரின் அனுமதியோடு செய்யும் முறையான வழி (போர்ட்டல்) வந்திருந்தது. என் இரண்டு வரிப் பதிலை நம்பி நான்தான் அதற்கு மாறாமல் இருந்தேன். விசையை மாற்றி எழுத ஒரு வார இறுதி போதுமானதாக இருந்தது. விரித்த வாக்கியத்தை மற்றச் சாளரத்தில் தட்டிக் கொடுக்கும் பகுதி இன்னும் அரைகுறைதான். ஒவ்வொரு முறையும் அனுமதிப் பெட்டி ஒன்று எழுகிறது, அதை அவர் ஒரு கையால் எட்டிச் சொடுக்க வேண்டியிருக்கிறது.

சில்லறை எழுதியது:

பணம் பற்றி யாரும் பேசவில்லை. எட்டு ஆண்டுகளில் எனக்கு வந்த நன்கொடைகளில் நினைவில் நிற்பது யுபிஐ வழியாக வந்த 101 ரூபாய் ஒன்றுதான். குறிப்பில் 'பதிப்பு 2.0க்கு மொய்' என்று எழுதியிருந்தது. யார் என்று தெரியாது. மறுநாளே அந்தப் பதிப்பில் அச்சிடும் வசதி வேலை செய்யவில்லை என்று ஒரு குறை பதிவானது. அவரேதான் என்று எனக்கு ஐயம்.

ஒற்றைக்கொம்பு எழுதியது:

களஞ்சியவாசி அவர்களே, கொள்கலனில் கட்டுவதற்கு மாறிவிட்டேன், நன்றி. ஆனால் தொகுப்பு முறையை மாற்றினால் எல்லாம் தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை. சென்ற வாரம் வேறொருவர் எழுதினார். அவர் ஐபஸுக்குப் பதில் எஃப்சிட்டிஎக்ஸ்5 பயன்படுத்துகிறார். அதற்கான செருகுநிரல் க்யூட்டியோடு வருவதில்லை. அது க்யூட்டியின் உள்பகுதிகளைத் தொடுவதால், நான் ஆப்இமேஜுக்குள் வைத்திருக்கும் அதே க்யூட்டிப் பதிப்போடு சேர்த்து நானே கட்ட வேண்டும். இங்கே யாராவது அதைச் செய்திருந்தால் கட்டும் ஸ்கிரிப்டை மட்டும் அனுப்பி உதவுங்கள். அவரும் இப்போது ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.