தமிழுக்கு நடுவே கேரமண்ட்: ஆங்கிலம் மட்டும் ஏன் சோகையாகத் தெரிகிறது?

கோட்டை வாசல், வேலூர்
1806 வேலூர்ப் புரட்சி பற்றிய சிறு நூலுக்கு வேர்டில் பக்கம் கட்டுகிறேன். டெம்மி அளவு, 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள், ஆஃப்செட் அச்சு. தமிழ் 11 பாயிண்ட். இடையிடையே வரும் ஆங்கிலக் கடிதங்களுக்கு வேர்டில் உள்ள கேரமண்ட் எழுத்துருவை அதே 11இல் போட்டால் சின்னதாக, வெளுத்துப்போய்த் தெரிகிறது. வரி இடைவெளியும் ஒரே சீராக இல்லை. எழுத்துருவை மாற்றிவிடலாமா?

சத்துவாச்சாரி டிடிபி
அளவை மாற்றுங்கள் சார், அது போதும். கேரமண்டில் சிற்றெழுத்துகளின் உடல் குட்டை, மேலே போகும் கொம்புகள் நீளம். தமிழில் ப, ட எல்லாம் உடல் பெருத்தவை. 72 பாயிண்டில் ஆங்கிலச் சிற்றெழுத்து 'எக்ஸ்', பக்கத்தில் 'ப' அடித்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணில் அடிக்கும். தமிழ் 11 என்றால் ஆங்கிலம் 12.5இல் தொடங்கி 13 வரை போகலாம். ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வேர்டில் தமிழை எடிட்டிங் மொழியாகச் சேர்த்தால், ஃபாண்ட் பெட்டியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று தனி இடம் வரும். தமிழ் எழுத்துருவும் அளவும் அங்கே, கேரமண்ட் மேலே உள்ள லத்தீன் (ஆங்கில எழுத்து) இடத்தில். ஸ்டைலிலேயே இதைப் பதிந்துவிடுங்கள்.

தமிழ் எழுத்துருவுக்கு மேலும் கீழும் இடம் அதிகம் வேண்டும். வரி இடைவெளியை 'சிங்கிள்' என்று விட்டால் தமிழ் வரி அகலும், ஆங்கில வரி நெருங்கும். 'எக்ஸாக்ட்லி' 16 பாயிண்ட் வையுங்கள். பிறகு கீ, ழு, ஞூ வெட்டுப்படுகிறதா என்று பாருங்கள்.

ஆற்காட்டு அச்சுக்கோப்பு
வெளுப்புக்கு இன்னொரு காரணம் உண்டு. வேர்டில் இருப்பது மோனோடைப் நிறுவனத்தின் கேரமண்ட். அதற்கு மூலமாக இருந்தது 1561இல் இறந்த பிரெஞ்சு எழுத்து வெட்டுநர் குளோட் கேரமண்ட் வெட்டிய எழுத்தல்ல, பின்னால் வந்த ழான் ழானோன் 1621இல் மாதிரி வெளியிட்ட எழுத்து. இந்த உண்மையை 1926இல் வெளிக்கொண்டு வந்தவர் அச்செழுத்து ஆய்வாளர் பீட்ரிஸ் வார்ட். அந்த வகை மெலிவு. இலவசமாகக் கிடைக்கும் ஈபி கேரமண்ட் 1592ஆம் ஆண்டு மாதிரித் தாளைப் பார்த்துச் செய்தது. கோடு சற்றுத் திடமாக விழும், மேப்லித்தோவுக்கு அதுவே என் தேர்வு. ஆங்கில 'ஓ' எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கனம் நேர் பக்கவாட்டில் இல்லாமல் சாய்ந்து நிற்கும். அகன்ற முனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்த கையின் தடம் அது. 

இன்னொன்று: வேர்டின் கேரமண்டில் போல்டு இட்டாலிக் கிடையாது. இரண்டு பொத்தானையும் அழுத்தினால் கணினி தானாகச் சாய்த்துப் பொய் எழுத்தைத் தரும்.

காட்பாடி ஆஃப்செட்
பிடிஎஃப்பில் எழுத்து கறுப்பு ஒற்றை வண்ணமாக இருக்கட்டும். நான்கு வண்ணங்களைக் கலந்த கறுப்பாகப் போனால், ரெஜிஸ்டர் (வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) ஒரு மயிரிழை விலகினாலும் இந்த மெல்லிய செரிஃபுகள், அதாவது எழுத்து முனையின் சிறு கோடுகள், மங்கிவிடும். அட்டையில் கரும்பின்னணிமேல் வெள்ளை எழுத்தாக கேரமண்டைச் சின்ன அளவில் போடாதீர்கள், மை அடைத்துக்கொள்ளும்.

கோட்டை வாசல், வேலூர்
ஈபி கேரமண்ட் 12.5, வரி 16 வைத்தேன், பக்கம் சமமாகிவிட்டது. நன்றி. ஆண்டுகளுக்குப் பழைய பாணி எண்கள் போடலாமா?

ஆற்காட்டு அச்சுக்கோப்பு
ஆங்கிலக் கடிதத்துக்குள் போடுங்கள், அழகு. தமிழ் வாக்கியத்தில் வேண்டாம். 1806இல் 1, 0 குட்டை. 8, 6 உயரம். தமிழ் எழுத்துகளின் சம உயரத்துக்கு நடுவே ஆண்டு மட்டும் பல் விழுந்த மாதிரி நிற்கும். அங்கே எல்லாம் ஒரே உயரமாக நிற்கும் லைனிங் எண்களே சரி.