சுவிட்ச் போலீஸ் வேலையால் பயன் உண்டா?

பழையசாவி:
வீட்டில் எனக்கு 'சுவிட்ச் போலீஸ்' என்று பெயர். ராத்திரி படுக்கும் முன் ஒவ்வொரு அறையாகப் போய், சும்மா செருகியிருக்கும் சார்ஜர்களைப் பிடுங்கி வைப்பேன். பிளாஸ்டிக் பையைத் தொடுவதில்லை என்று ஐந்து வருஷமாக வைராக்கியம் வேறு. விளைவு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் துணிப்பை மலை. போன வாரம் எண்ணிப் பார்த்தேன், 31. கடை வாசலில் நிற்கும்போது மட்டும் கையில் ஒன்றுகூட இருக்காது, புதிதாக ஒன்று வாங்கி வந்துவிடுவேன்.

நேற்று என் கணவர், "நீ சார்ஜரைப் பிடுங்குறதால பூமி பிழைச்சுக்கப் போகுதா?" என்றார். சுருக்கென்று இருந்தது. ஆனால் திருப்பிச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. எங்களுக்குக் கார் கிடையாது, விமானம் ஏறியதில்லை. மற்றபடி எல்லோர் வீட்டிலும் இருப்பதுதான்: எல்இடி பல்பு, கீசர், ஃபிரிட்ஜ், வருஷா வருஷம் கேஸ் நிரப்பி ஓட்டுகிற ஒரு பழைய ஏசி. இதில் எதைக் கவனித்தால் உருப்படியாக இருக்கும்? அறிவுரை வேண்டாம், எண் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சார்ஜரில் உங்கள் கணவர் பக்கம்தான் நியாயம், மன்னிக்கவும். போன் மாட்டாமல் செருகிக் கிடக்கும் நல்ல சார்ஜர் 0.1 வாட் அளவுக்குத்தான் இழுக்கும். 365 நாளும் அப்படியே விட்டாலும் ஒரு யூனிட் தேறாது. கீசருக்கு வாருங்கள். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற அரை யூனிட்டுக்கு மேல் வேண்டும். அதாவது இரண்டு முறை கீசர் போட்டால், ஒரு வருஷம் ஒரு சார்ஜரைப் பிடுங்கிச் சேர்த்தது காலி. 60-க்குக் கொதிக்க வைத்து, அப்புறம் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பவர்கள்தான் அதிகம். தேவையான அளவுக்கு மட்டும் சூடாக்கிவிட்டு அணைத்தால் போதும்.

பிடுங்கியே தீருவேன் என்றால் செட்டாப் பாக்ஸைப் பிடுங்குங்கள். ரிமோட்டில் அணைத்த பிறகும் 10 வாட் தின்கிற பெட்டிகள் இருக்கின்றன. வருஷத்துக்கு 87 யூனிட்.

மொட்டைமாடி:
31 பையா! டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் பைகளை ஒப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. புவி வெப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே, சாதாரணப் பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் ஒரு பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்கிறது. பருத்தி விளைய வைக்கிற தண்ணீர், உரம் எல்லாம் அதில் இருக்கிறதே. அதற்காகப் பிளாஸ்டிக்குக்குத் திரும்பச் சொல்லவில்லை. சாக்கடையை அடைப்பது, மாடு தின்பது இதெல்லாம் அந்த 52-க்குள் வராது. ஆனால் 32-ஆவது பை வாங்காதீர்கள். செருப்புப் போடும் இடத்தில் ஒரு பையைத் தொங்கவிடுங்கள். நான் திருந்தியது அப்படித்தான்.

திருப்புளி:
எல்லோரும் ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். "வருஷா வருஷம் கேஸ் நிரப்பி" என்று எழுதியிருக்கிறாரே!

நான் 14 வருஷமாக ஏசி வேலை பார்க்கிறேன். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருகிற சாமான் இல்லை. மூடின குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, அவ்வளவுதான். குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கை அடைக்காமல் மேலே நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. வெளியே போனது காற்றில் கலந்து என்ன செய்கிறது என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

ஏசியின் பக்கவாட்டில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் கேஸ் பெயர் பாருங்கள். ஆர்-410ஏ என்றால், ஒரு கிலோ கசிந்தால் 2,000 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். சுமார் 900 லிட்டர் பெட்ரோல் எரித்தால் வருகிற புகை அது. ஆர்-32 என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. வீட்டு ஏசிக்குள் இருப்பதே ஏறக்குறைய ஒரு கிலோதான். கார் இல்லை என்றீர்களே, அந்தப் புண்ணியத்தில் பாதி இங்கே போயிருக்கலாம்.

ஏசியை அணைத்துவிட்டு, வெளியே இருக்கிற யூனிட்டில் செம்புக் குழாய் வந்து சேரும் நட்டுகளைப் பாருங்கள். எண்ணெய்ப் பசையும் அதில் ஒட்டின தூசியும் இருந்தால் சந்தேகம்தான். கெட்டியான சோப்பு நுரையைத் தடவுங்கள், முட்டை விட்டால் அதுதான் இடம். நீங்களே ஸ்பானர் போடாதீர்கள், குழாய் பிய்ந்தால் மொத்தக் கேஸும் போய்விடும். வருகிற மெக்கானிக்கிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். முதலில் ஒழுக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். கழற்றுகிற வேலை இருந்தால் பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் மெஷின் வைத்து சிலிண்டரில் பிடிக்க வேண்டும். எங்கள் ஆட்களில் பலர் 'புஸ்' என்று திறந்துவிட்டுப் போய்விடுவார்கள், அரை மணி மிச்சம் என்று. நானும் ஆரம்பத்தில் அதைச் செய்தவன்தான்.

பழையசாவி:
திருப்புளி அண்ணா, ஸ்டிக்கரில் ஆர்-410ஏ. இன்று காலையில் பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் குழைத்துத் தடவினேன். பெரிய நட்டில் ஒன்றும் இல்லை. சின்ன நட்டில் கொஞ்ச நேரம் கழித்துக் கடுகளவு ஒரு முட்டை மெல்ல உப்பிக்கொண்டே வந்து உடைந்தது, அப்புறம் இன்னொன்று. கணவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நாலு வருஷம் நிரப்பியிருக்கிறோம். அவர் சார்ஜர் பற்றி எதுவும் பேசவில்லை.

மெக்கானிக்குக்குப் போன் போட்டு, கேஸ் பிடிக்கிற மெஷின் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இரவல் வாங்கிட்டு வர்றேன்மா, வியாழக்கிழமை ஆகும்" என்றார். அதுவரைக்கும் ஃபேன்தான்.