நெட் இல்லாவிட்டால் லேப்டாப் திறக்குமா, திறக்காதா?

மோல்மேன்காரன்: நேற்று இந்தக் குரூப்பில் ஒருவர் போட்டிருந்தார்: "விண்டோஸ் 11-இல் இமெயில் கொடுத்துத் தொடங்குகிற மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வைத்தால் நெட் போன அன்றைக்கு லேப்டாப்பே திறக்காது, எல்லாரும் அந்த மெஷினில் மட்டும் இருக்கிற லோக்கல் அக்கவுண்டுக்கு மாறிவிடுங்கள்." அதற்குக் கைதட்டல் வேறு. படித்ததும் எரிச்சல்தான் வந்தது. நெட் இல்லாமலும் திறக்கும் ஐயா! ஒரு தடவை பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய்விட்டால் அதைச் சரிபார்க்கத் தேவையானதை மெஷினே வைத்துக்கொள்ளும். பின் நம்பர் என்றால் அது அந்த மெஷினை விட்டு வெளியே போவதே இல்லை. இங்கே பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு 2021 மார்ச்சில் மொபைல் டேட்டாவை வெட்டினார்கள், ஏப்ரலில் வயர்லெஸ் நெட்டையும் வெட்டினார்கள். அப்போது ரங்கூனில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வைத்திருந்தவன் லேப்டாப்பெல்லாம் தானாகப் பூட்டிக்கொண்டதா?

துவன்னா செல்வி: அந்த 'ஒருவர்' நான்தான் அண்ணே, பேரைச் சொல்லியே திட்டலாம். சரி, பெட்டியிலிருந்து எடுத்த புது லேப்டாப்பை நெட் இல்லாமல் திறந்து காட்டுங்கள் பார்ப்போம். விண்டோஸ் 11-இன் ஹோம் பதிப்பு 2021-இல் வந்த நாளிலிருந்தே நெட் கேட்டு நிற்கிறது, 2022-இல் புரோ பதிப்புக்கும் அதே கதி. இங்கே கரண்ட் வந்தால் நெட் வராது, நெட் வந்தால் கரண்ட் இருக்காது. திறக்காது என்றால் திறக்காதுதான்.

மோல்மேன்காரன்: அது முதல் தடவை மெஷினைத் தயார் செய்கிற செட்டப், தங்கச்சி. நான் பேசுவது தினமும் திறப்பதைப் பற்றி. நீங்கள் எழுதியது "நெட் போன அன்றைக்குத் திறக்காது." திறக்கும்.

பெகு தம்பி: செட்டப்பில் ஷிஃப்டும் எஃப்10-உம் சேர்த்து அடித்து பைபாஸ் என்ஆர்ஓ கமாண்டைப் போட்டால் நெட்டே கேட்காது. இதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

துவன்னா செல்வி: அந்தக் கமாண்டை 2025 மார்ச்சிலேயே சோதனைப் பதிப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள் தம்பி. அதற்குப் பதிலாக வந்த இன்னொரு கமாண்டையும் அதே வருடம் அக்டோபரில் அடைத்தார்கள். ஒவ்வொரு ஓட்டையாகத் தேடி அடைக்கிறவனை நம்பி அக்கவுண்ட் வைக்கச் சொல்கிறார் நம் அண்ணன்.

மோல்மேன்காரன்: நான் எங்கே வைக்கச் சொன்னேன்? திறக்கும் என்று மட்டும்தான் சொன்னேன். படிக்கத் தெரிந்தவர்கள் மேலே போய்ப் படியுங்கள்.

வாத்தியார்: நான் இன்னும் விண்டோஸ் 10-இல் லோக்கல் அக்கவுண்டோடு நிம்மதியாக இருக்கிறேன்.

மோல்மேன்காரன்: நிம்மதியா? அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது வாத்தியாரே. கூடுதலாக ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட் வேண்டும் என்றால் பதிவு செய்ய மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வேண்டும். உங்களிடம் இருப்பது கள்ள விண்டோஸ் என்றால் அது வேறு விஷயம்.

வாத்தியார்: யாரைப் பார்த்துக் கள்ளம் என்கிறாய்? உனக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுத்தவன் நான்.

கடை பாய்: நான் ஒன்று சொல்கிறேன், யாரும் கோபப்படக் கூடாது. எங்களிடம் வாங்குகிற பாதிப் பேருக்கு இமெயிலே கிடையாது. கடை இமெயிலைப் போட்டு செட்டப் முடித்துக் கொடுத்துவிடுகிறோம். இதுவரை யாரும் திறக்கவில்லை என்று வந்து நின்றதில்லை.

துவன்னா செல்வி: என்ன பாய் சொல்கிறீர்கள்! அப்படியென்றால் அவர்கள் டெஸ்க்டாப்பில் போடுகிற கல்யாணப் படமெல்லாம் நெட்டில் இருக்கிற உங்கள் மைக்ரோசாஃப்ட் சேமிப்பிடமான ஒன்டிரைவில் வந்து விழுகிறதா?

கடை பாய்: இலவசமாகக் கொடுப்பதே 5 ஜிபிதான் அம்மா. அது என்றைக்கோ நிரம்பிவிட்டது.

துவன்னா செல்வி: இதைப் பெருமையாக வேறு சொல்கிறீர்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு புதிதாக செட்டப் செய்தால் டிஸ்க் தானாகவே பூட்டப்படும், அதன் 48 இலக்க மீட்புச் சாவி அந்த அக்கவுண்டுக்குப் போய்விடும், அதாவது ஊரார் சாவியெல்லாம் உங்கள் கடை இமெயிலில் கிடக்கிறது. நாளைக்கு மதர்போர்டை மாற்றினால் அந்தச் சாவியைக் கேட்கும். கடையைப் பூட்டிவிட்டு நீங்கள் பாங்காக் போயிருந்தால்? மோல்மேன் அண்ணே, இப்போது சொல்லுங்கள், திறக்குமா திறக்காதா?

மோல்மேன்காரன்: திறக்காது. ஆனால் அது நெட் இல்லாததால் இல்லை. சாவி அடுத்தவனிடம் இருப்பதால். நீங்கள் எழுதியது நெட்டைப் பற்றி. பேச்சை மாற்ற வேண்டாம்.

துவன்னா செல்வி: பின் நம்பர் மறந்துவிட்டால்? மாற்றுவதற்கு நெட் வேண்டும். லோக்கல் அக்கவுண்டில் பாஸ்வேர்டு மறந்தால் முன்பே வைத்த மூன்று கேள்விக்குப் பதில் சொன்னால் போதும், நெட்டே வேண்டாம்.

மோல்மேன்காரன்: மறந்தால், உடைந்தால், பாய் பாங்காக் போனால்... இப்படி எத்தனை 'ஆல்' போட்டாலும் நீங்கள் எழுதிய வரி தப்புதான். அப்புறம், லோக்கல் அக்கவுண்டில் டிஸ்க் பூட்டு தானாக விழாது என்பதை ஏன் சொல்லவில்லை? லேப்டாப்பைத் திருடினவன் டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போட்டால் பாஸ்வேர்டே இல்லாமல் எல்லாவற்றையும் படிப்பான். அது பரவாயில்லையா?

பெகு தம்பி: திருடன் கதை இருக்கட்டும். கோயில் கமிட்டி கம்ப்யூட்டர் யார் அக்கவுண்டில் இருக்கிறது அண்ணே?

மோல்மேன்காரன்: இந்த விவாதத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பெகு தம்பி: சம்பந்தம் இருக்கிறது. உங்கள் சொந்த இமெயிலில் இருக்கிறது. தீமிதி வரவுசெலவுக் கணக்கு அதில்தான் இருக்கிறது. பொருளாளர் கேட்டால் "நான் வந்து திறந்து தருகிறேன்" என்கிறீர்கள்.

வாத்தியார்: ஓ, அப்படியா சங்கதி.

மோல்மேன்காரன்: கமிட்டியில் ஒருத்தருக்கும் செட்டப் செய்யத் தெரியவில்லை, நான் செய்து கொடுத்தேன். நன்றி சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, பழி போடாதீர்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் கூட்டத்தில் கேளுங்கள், இங்கே வேண்டாம். அந்த மெஷினும் நெட் இல்லாமல்தான் தினமும் திறக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

துவன்னா செல்வி: உங்களுக்குத் திறக்கிறது.

கடை பாய்: கமிட்டிக்கு லோக்கல் அக்கவுண்ட் போட்டுத் தர வேண்டுமா? காசு வேண்டாம்.

மோல்மேன்காரன்: நீங்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம் பாய்.