பழைய டிரெய்லர் ஃபிரிட்ஜ்: தலைகீழாக நிறுத்திய பிறகு குளிர்ந்தது

போன வசந்தத்தில் அமெரிக்காவின் இண்டியானாவில், காரின் பின்னால் இழுத்துப்போய்த் தங்குகிற 1969 மாடல் அலுமினிய டிரெய்லர் ஒன்றை வாங்கினோம். உள்ளே கேஸிலும் கரண்டிலும் ஓடும் பழைய ஃபிரிட்ஜ். "அது குளிராது, ஐஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் விற்றவர். பழுது பார்க்கும் கடையிலும் தூக்கிப் போடத்தான் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. கதவும் கைப்பிடியும் அத்தனை அழகு.

இந்த வகையில் கம்ப்ரஸர் கிடையாது, அசையும் பாகமே இல்லை. 1922இல் ஸ்டாக்ஹோமில் பால்ட்ஸர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை இது. அடைத்த குழாய்களுக்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன். அடியில் சின்னச் சுடர். சூட்டில் அம்மோனியா தண்ணீரிலிருந்து பிரிந்து மேலே போய்த் திரவமாகும். பிறகு ஹைட்ரஜனோடு சேரும் இடத்தில் ஆவியாகி, பெட்டிக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். மறுபடி தண்ணீரில் கரைந்து, தன் எடையாலேயே கீழே வழிந்து வரும். அதனால் வண்டி சாய்ந்து நின்றால் இந்த ஓட்டம் நின்றுவிடும். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். எங்கள் டிரெய்லர் கதவுப் பக்கம் நன்றாகவே சரிந்திருந்தது. எத்தனை வருடம் அப்படியே ஓட்டினார்களோ!

முதலில் வெளி மூடியைத் திறந்து மஞ்சள் கறை இருக்கிறதா என்று பார்த்தேன். குழாய் அரிக்காமல் இருக்கச் சோடியம் குரோமேட் கலந்திருப்பார்கள். கசிந்தால் மஞ்சளாகப் படியும். அது நஞ்சு, கையால் தொடவே கூடாது. அம்மோனியா நெடி அடித்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். குழாய்க்குள் அழுத்தத்தில் ஹைட்ரஜன் இருப்பதால் வீட்டில் பற்றவைத்து ஒட்டுகிற வேலையே வேண்டாம். நல்லவேளை, எங்களுடையதில் இரண்டும் இல்லை.

புகைக்குழாயில் ஒரு கைப்பிடி துரு கொட்டியது. அதற்குள் தொங்கும் சுருள் தகட்டை எடுத்துத் துடைத்தேன். பர்னர் ஜெட்டை ஆல்கஹாலில் ஊறவைத்தேன். அதில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதானால் சுடர் கெட்டுவிடும். சுடர் நீலமாக நின்றது. ஆனாலும் குளிர் வரவில்லை. அடிக்குழாய் மட்டும் கொதித்தது.

அப்புறம்தான், உள்ளே தேங்கி நின்ற திரவம் மறுபடி கலக்கட்டும் என்று, கேஸைத் துண்டித்து, தம்பியும் நானுமாக ஃபிரிட்ஜைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தினோம். உள்ளே களகளவென்று சத்தம். ஓர் இரவு முழுக்க அப்படியே விட்டோம். பிறகு நிமிர்த்தி ஒரு நாள் ஓய்வு கொடுத்தோம். கரண்டில் போட்ட மறுநாள் காலை தெர்மாமீட்டர் 4 டிகிரி காட்டியது, ஐஸ் தட்டும் உறைந்திருந்தது. மனைவியை எழுப்பிக் காட்டினேன்!

இதே வேலை செய்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

எனக்கு அது பலிக்கவில்லை அண்ணா. மூன்று முறை கவிழ்த்தேன். உள்ளே அந்தக் குரோமேட் உப்பு கட்டியாகிக் குழாயை அடைத்துவிட்டால் கவிழ்த்தும் பயனில்லை. மின்கம்பிக் கரண்ட் இல்லாமல் வாழும் அமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு இந்தக் கேஸ் ஃபிரிட்ஜ் வேலை அத்துப்படி. வடக்கு இண்டியானாவில் அவர்கள் பட்டறை ஒன்றில் புதுக் கூலிங் யூனிட் வாங்கி, பழைய பெட்டியிலேயே பொருத்தினேன். பின்புறம் இடைவெளி அதிகமாக இருந்ததால் சூடான காற்று மேல் துவாரம் வழியாக வெளியேறாமல் அங்கேயே தேங்கியது. தகரத்தை வளைத்து அடைத்து, காற்றைத் தகடுகளை ஒட்டிப் போகவைத்த பிறகுதான் கோடையிலும் தாங்குகிறது.

*

சுடர் மஞ்சளாக எரிந்தால் ஓட்டாதீர்கள், கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. என் டிரெய்லரில் படுக்கைக்குப் பக்கத்தில் அலாரம் மாட்டிய பிறகே கேஸைத் திறந்தேன். ஃபிரிட்ஜைக் கழற்றி மாட்டினால் கேஸ் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்றும் பாருங்கள். போன மாதம் என்னுடையதில் வந்தது.