மறுமொழி: நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் – சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கமுங்க.

முகாமுக்கான துண்டறிக்கை சனிக்கிழமை ஈரோட்டில் அச்சுக்குப் போகிறது. நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் பை கட்டி வலிப்பைத் தரும் இந்த நோய்க்குத் தமிழ்ப் பெயர் தேடி இத்தனை மடல் வந்தும் தலைப்பு இன்னும் காலியாகவே இருக்கிறது.

> 'பன்றிப்புழு நோய்' என்றால் ஊருக்கே விளங்கும்.

தப்பாக விளங்கும் அண்ணா. போன வாரம் கோபி பக்கத்தில் ஓர் அம்மா, வலிப்பு வந்த மகனின் ஸ்கேன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "நாங்க கறியே தொடமாட்டமுங்க, பன்னிப்புழு எப்புடிங்க வரும்?" படத்தில் சின்ன வளையம், நடுவே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் புழுவின் தலை. சரியாக வேகாத பன்றிக்கறியால் வருவது குடலில் நாடாப்புழு. அது இருப்பவரின் மலத்தில் வெளியேறும் முட்டை, கழுவாத கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ யார் வாய்க்குள்ளும் போகலாம். பொரிந்த இளம்புழு இரத்தத்தோடு மூளைக்குப் போய்ப் பை கட்டிக்கொள்கிறது. சைவம் சாப்பிடுகிறவருக்கும் வரும். பேரில் பன்றி இருந்தால் அந்த அம்மா கை கழுவுவதைப் பற்றி யோசிக்கவே மாட்டார்.

> 'சிஸ்டிசெர்கோசிஸ்' என்பதன் வேர் கிரேக்கத்தில் பை + வால். ஆகவே 'வாற்பை நோய்'.

புணர்ச்சி சரிதான் புலவர் ஐயா. ஒன்பதாம் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், ஒருவருக்கும் பிடிபடவில்லை. 'புழுப்பை' என்றதும் பிடித்துக்கொண்டார்கள். 'புழுப்பை' கொச்சை என்கிறீர்கள். இரைப்பை, பித்தப்பை, கருப்பை எல்லாம் என்னங்க?

முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்து 'வடம்', மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைத்த கவலையின் வடம்தான் என்று தாராபுரத்து அண்ணன் எழுதியதைப் படித்ததும் வேலையை விட்டுவிட்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் அப்பாரு கவலை ஓட்டியவர். நீர் மொள்ளும் கலமான சாலை மேலே இழுப்பது வடம், தண்ணீரைக் கொட்ட வைப்பது வால்கயிறு. புரிபுரியாய் முறுக்கிய அந்த வடத்தைத் தொட்டவருக்குத் தண்டுவடம் என்ற சொல்லை விளக்கவே வேண்டாம்.

ஆனால் அங்கேதான் சிக்கலும். அரிதாகத் தண்டுவடத்திலும் இந்தப் பை வரும். 'மூளைப் புழுப்பை நோய்' அதை விட்டுவிடுகிறது. டாக்டரம்மா சொன்ன 'நரம்புப் புழுப்பை' இரண்டையும் அடக்கும், ஆனால் ஊரில் நரம்பு என்றால் கைகால் நரம்பும் நரம்புத்தளர்ச்சி விளம்பரமும்தான் நினைவுக்கு வரும்.

இதுவரை ஏழு பேர் 'மூளைப் புழுப்பை நோய்' பக்கம். அதையே போடுகிறேன், தண்டுவடம் இரண்டாம் வரியில். முதல் வரி: "கறி சாப்பிடாதவருக்கும் வரும்."

ஐயா ஒப்பவில்லை என்பது தெரியும். வெள்ளி இரவுக்குள் வேறு சொல் தோன்றினால் அனுப்புங்க.