மாத்: அந்தா, விட்டிலா? (வெள்ளிக்கிழமை அச்சுக்கு, அவசரம்)

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். பூச்சிகளை இனம் பிரிப்பது பற்றிய ஒரு கையேட்டைப் பள்ளி மாணவர்களுக்காகத் தமிழில் கொண்டுவருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வண்டு, குளவி, தும்பி எல்லாம் தடங்கல் இல்லாமல் வந்துவிட்டன. மாத் (moth) என்ற ஆங்கிலச் சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன். நான் அந்துப்பூச்சி என்று போட்டிருந்தேன். மெய்ப்புத் திருத்தியவர் எல்லா இடத்திலும் விட்டில் என்று மாற்றி அனுப்பியிருக்கிறார். பட்டாம்பூச்சியும் மாத்தும் அடங்கிய லெப்பிடாப்டெரா வரிசையில் இதுவரை பெயர் பெற்ற இனங்கள் ஏறத்தாழ 1,60,000. அவற்றில் பட்டாம்பூச்சிகள் 18,000 சொச்சம்தான். மீதி எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டும். முன்னால் அடைமொழி சேர்த்தாலும் தாங்க வேண்டும்.

தமிழாசிரியர் (ஓய்வு):

தம்பி, நீங்கள் முதலில் போட்டதே சரி. விட்டில் பழைய வழக்கில் வெட்டுக்கிளி. 732ஆம் குறளின் உரையில் பரிமேலழகர் நாட்டுக்கு வரும் கேடுகளை எண்ணும்போது எலி, விட்டில், கிளி என்று அடுக்குகிறார். விளக்கில் விழுந்து சாகிற பூச்சியா ஒரு நாட்டைக் கெடுக்கும்? பயிரை மொட்டையடிக்கிற கூட்டத்தை அல்லவா சொல்கிறார்.

அந்து பற்றி எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம் உண்டு. அந்தியில் வருவதால் அது அந்து. ஈற்று இகரம் உகரமாகத் திரிந்திருக்கலாம். இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும், நேரம் வரட்டும்.

மென்பொருளாளர்:

ஐயா, கோபிக்கக் கூடாது. அந்தியில் வருவது அந்து என்றால் அந்துருண்டையை அந்தியில்தான் உருட்டினார்களா? துணி அந்தின் புழு அலமாரி இருட்டுக்குள் அந்தி சந்தி பார்க்காமல் கம்பளியைத் தின்கிறது. வளர்ந்த பூச்சி எதையும் தின்பதே இல்லை.

என் ஓட்டு விட்டிலுக்கு. அந்து என்றால் மக்கள் மனத்தில் வருவது தானியத்திலும் துணியிலும் கிடக்கும் சின்னஞ்சிறு பூச்சி. அட்லஸ் மாத் சிறகு விரித்தால் இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்தாலும் போதாது. அதைப் போய் அந்து என்பதா? விட்டிலின் பொருள் மாறிவிட்டது என்கிறீர்கள், மாறட்டுமே. குறுந்தொகையின் அஞ்சிறைத் தும்பி பூக்களில் தேன் தேடி அலைகிறது. இன்று நாம் தும்பி என்பது பறந்தபடியே கொசு பிடிக்கிற வேட்டைக்காரப் பூச்சியை, தேனுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்ட நமக்கு விட்டில் மட்டும் ஏன் கசக்கிறது?

விலங்கியல் ஆசிரியை:

சொல்லை விடுங்கள், பொருளையே இன்னும் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. மாத் என்று இயற்கையில் தனிப் பிரிவு ஒன்று கிடையாது. 1758இல் லின்னேயஸ் இந்த வரிசையை மூன்று பேரினங்களாகப் பிரித்தார். பட்டாம்பூச்சிகள் பாப்பிலியோ. புழு தலையைத் தூக்கி உட்காரும் தோரணை ஸ்பிங்க்ஸ் சிலை மாதிரி இருந்த கூட்டம் ஸ்பிங்க்ஸ். எதிலும் சேராத அத்தனையும் ஃபலீனா. இன்று பார்த்தால் பட்டாம்பூச்சிகள் அந்த வம்ச மரத்திலேயே ஒரு கிளை. அந்தக் கிளையை வெட்டி எடுத்த பிறகு மரத்தில் மிச்சம் இருப்பதற்குத்தான் பெயர் கேட்கிறீர்கள்.

உணர்கொம்பின் நுனி தடித்திருந்தால் பட்டாம்பூச்சி, நூலாகவோ இறகாகவோ இருந்தால் மாத் என்று வகுப்பில் சொல்கிறோம். பெரும்பாலும் பலிக்கும். ஆனால் ஹெடைலிடே என்று அமெரிக்கக் கண்டங்களில் ஒரு குடும்பம், கொம்பு நூல்போல, பறப்பதும் பெரும்பாலும் இரவில். அதைப் பட்டாம்பூச்சிகளோடுதான் சேர்த்திருக்கிறார்கள். காஸ்ட்னிடே குடும்பத்தில் நேர்மாறு: கொம்பு நுனி தடித்திருக்கிறது, ஆனால் அவை மாத்.

சொல் என்று கேட்டால், வேளாண் வெளியீடுகளில் ‘தாய் அந்துப்பூச்சி’, ‘வைரமுதுகு அந்துப்பூச்சி’ என்று எப்போதோ ஊன்றிவிட்டது. விளக்குப்பொறி வைக்கிற விவசாயிக்குத் தெரிந்த சொல்லை மாணவனுக்கு மட்டும் மாற்றுவானேன்?

தனித்தமிழ் அன்பர்:

இரண்டுமே வேண்டாம். இரவுச்சிறகி என்று புதிதாக ஆக்குவோம். வரிசைக்கு செதிற்சிறகி. லெப்பிடாப்டெரா என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அதுதான் பொருள், செதில் உள்ள சிறகு.

மென்பொருளாளர்:

பகலில் பறக்கிறவை? பட்டப்பகலில் பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் உறிஞ்சுகிற ஹம்மிங்பேர்ட் ஹாக்மாத்தை இரவுச்சிறகி என்றால் அது கேட்டு நடக்குமா? அப்புறம், செதிற்சிறகி என்பதைப் பத்து வயதுப் பிள்ளை எப்படிப் படிக்கும்? செதில்சிறகி என்று போட்டால் என்ன?

தனித்தமிழ் அன்பர்:

கல்சிலை என்றா எழுதுகிறீர்கள்? கற்சிலை என்று படிக்கிற பிள்ளை செதிற்சிறகியையும் படிக்கும். புணர்ச்சியைக் கைவிட்டுவிட்டு எளிமை என்று பெயர் சூட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

விலங்கியல் ஆசிரியை:

செதில் என்றதும் பிள்ளைகள் மீனைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் ஒருமுறை காட்டிவிட்டால் மறப்பதில்லை. சிறகைத் தொட்டால் விரலில் ஒட்டுகிற பொடி இருக்கிறதே, அதை உருப்பெருக்கியில் பார்க்கச் சொல்வேன். ஒவ்வொரு துகளும் காம்பு வைத்த தட்டையான தகடு. உடலில் இருக்கிற மயிர்தான் சிறகில் அப்படித் தட்டையாகி ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கிறது. ஆகவே செதிற்சிறகிக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. இரவுச்சிறகிக்கு உண்டு.

தமிழாசிரியர் (ஓய்வு):

வகைப்பாடு என்று பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். லின்னேயசுக்கு எவ்வளவோ முன்பே தொல்காப்பியர் மரபியலில் ‘நண்டும் தும்பியும் நான்கறிவினவே’ என்று வகுத்துவிட்டார். ஊறு, சுவை, நாற்றம், காட்சி. செவி மட்டும் இல்லை. மாத்தையும் தும்பியின் இனமாகக் கொண்டு நாலறிவி என்ற சொல்லை இந்தக் கையேட்டில் எங்காவது ஆள முடியுமா என்று பாருங்கள்.

விலங்கியல் ஆசிரியை:

ஐயா, மன்னிக்கணும், மாத்துக்கு அது பொருந்தாது. அவற்றில் பலவற்றுக்குச் செவி உண்டு. நாக்டூயிடே குடும்பத்துக்கு மார்பின் பின்பகுதியில் பக்கத்துக்கு ஒன்று. அதில் ஒலி உணரும் செல்கள் இரண்டே இரண்டு. ஜியோமெட்ரிடேக்கு வயிற்றின் அடியில். வௌவாலின் மீயொலி காதில் விழுந்த கணமே சிறகை மடக்கி விழுந்துவிடும், இல்லாவிட்டால் தாறுமாறாகச் சுழலும். நமக்கு எட்டவே எட்டாத ஒலி அது.

தமிழாசிரியர் (ஓய்வு):

நல்லது அம்மா. அப்படியானால் மாத்து ஐயறிவு உயிர். தும்பியோடு சேர்த்தது என் பிழையே தவிர நூற்பாவின் பிழையன்று. ஆனால் அந்து, அந்தி உறவை யாரும் இன்னும் மறுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

மென்பொருளாளர்:

அந்துருண்டையோடு மறுத்தாயிற்று ஐயா.

மொழிபெயர்ப்பாளர்:

எல்லாருக்கும் நன்றி. நேரம் இல்லை. பொதுப்பெயர் அந்துப்பூச்சி. அதற்குத்தான் அதிகக் கைகள் உயர்ந்தன, பாதிப்பேர் களைத்துப்போய் உயர்த்திய கைகள் என்றாலும். வரிசையின் பெயர் செதிற்சிறகிகள், புணர்ச்சியோடுதான். ஹாக்மாத்துக்குப் பருந்து அந்து. விட்டில் என்ற சொல்லை வெட்டுக்கிளிக்கும் வைக்கவில்லை, இதற்கும் வைக்கவில்லை. விட்டிலுக்கு ஓட்டுப் போட்ட மென்பொருள் அண்ணன் வருத்தப்பட வேண்டாம், சொல்லடைவில் ‘விட்டில்: காண்க அந்துப்பூச்சி’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

அடுத்த அத்தியாயத்தில் ஃப்ரெனுலம் வருகிறது. பறக்கும்போது முன்சிறகும் பின்சிறகும் பிரியாமல் பிடித்துக்கொள்கிற அமைப்பு. சிறகுக்கொக்கி என்று போட்டிருக்கிறேன். இதற்கு விவாதம் வேண்டாம்.

மென்பொருளாளர்:

‘காண்க’ என்று போட்டது சமரசம் அல்ல, அடக்கம் செய்தது. என் எதிர்ப்பு அப்படியே நிற்கிறது.

விலங்கியல் ஆசிரியை:

தம்பி, கொக்கி தப்பு. ஃப்ரெனுலம் என்பது பின்சிறகின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற விறைப்பான முள்மயிர். பெரும்பாலும் ஆணுக்கு ஒன்றே, பெண்ணுக்குப் பல. அதை வாங்கி மாட்டிக்கொள்கிற கொக்கி முன்சிறகில் இருக்கிறது, அதன் பெயர் ரெட்டினாகுலம். இதைக் கொக்கி என்றால் அதை என்ன என்பீர்கள்?

தமிழாசிரியர் (ஓய்வு):

மூலச்சொல்லுக்குச் சிறு கடிவாளம் என்பது பொருள். கடிவாளம் என்பதில் கடி என்பது கடித்தல்தானா என்ற ஐயம் எனக்கு உண்டு. நாளை விரிவாக எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, நாளை வியாழக்கிழமை.